ரா ஃபைலுக்கு எந்த மென்பொருள்?

கே: போனில்தான் படம் எடுக்கிறேன், எல்லாம் ஜேபெக். ரா மென்பொருள் எது வாங்கலாம்?

ப: எதுவும் வாங்க வேண்டாம். ரா என்பது கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் மூலப் பதிவு. ஜேபெக்குக்கு அந்த மென்பொருள் தேவையில்லை.

கே: நிக்கான் கேமரா வாங்கியிருக்கிறேன். மாதச் சந்தாவா, ஒரே தடவை பணம் கட்டுவதா?

ப: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நிக்கானே என்எக்ஸ் ஸ்டுடியோ என்ற ரா மென்பொருளை இலவசமாகத் தருகிறது. கேனனும் சோனியும் தங்கள் கேமராக்களுக்கு இப்படித் தருகின்றன. போதவில்லையா, டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் இலவசம்தான். முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும்.

சந்தா என்றாலே எனக்கு எரிச்சல். வாடகை வீட்டைக் காலி செய்தால் பீரோவையாவது தூக்கிக்கொண்டு போகலாம். இங்கே சந்தாவை நிறுத்தினால் ரா ஃபைல் மட்டும் உங்களிடம் அப்படியே இருக்கும். நீங்கள் செய்த திருத்தமெல்லாம் அதற்குள் ஏறாது, தனிக் குறிப்பாகத்தான் சேமிக்கப்படும். வெளிச்சத்தை ஏற்றியது, நிறத்தை மாற்றியது என்ற அந்தக் குறிப்பை வேறு மென்பொருள் அதே மாதிரி படித்துக் காட்டாது. அதனால் முடித்த படங்களை எல்லா மென்பொருளிலும் திறக்கும் டிஃப், ஜேபெக் வடிவங்களில் அவ்வப்போது வெளியே எடுத்து வையுங்கள்.

ஒரே தடவை வாங்குவதும் லேசுப்பட்டதில்லை. ‘ஆயுள் உரிமம்’ என்று நம்பி ஒன்றை வாங்கினேன். அடுத்த கேமராவின் ஃபைலை அது திறக்கவே இல்லை. புதுப் பதிப்புக்கு மறுபடி காசு. யாருடைய ஆயுள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கே: கேனன் எம்50-யின் ஃபைல்களை என் பழைய மென்பொருள் திறக்க மறுக்கிறது. கேமராவில் கோளாறா?

ப: இல்லை. சிஆர்3 என்ற கேனனின் ரா ஃபைல் வடிவமே 2018-இல் அந்த கேமராவோடுதான் வந்தது. அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசம். அதில் டிஎன்ஜி என்ற அடோபியின் பொது ரா வடிவத்துக்கு மாற்றித் திறந்து பாருங்கள். மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

கே: கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். ‘லைஃப்டைம்’ என்று 700 ரூபாய்க்கு மென்பொருளுக்கான ஒரு லாகின் விற்றார்கள். இரண்டு மாதத்தில் பாஸ்வேர்டு மாறிவிட்டது, விற்றவர் பிளாக் செய்துவிட்டார்.

ப: உங்களைத் திட்ட மனம் வரவில்லை. தொழில் நடக்க வேண்டும் என்ற அவசரத்தைப் பார்த்துத்தான் இவர்கள் வலை விரிக்கிறார்கள். யாரோ ஒருவருடைய கணக்கைப் பல பேருக்கு விற்றிருப்பார்கள். பணம் அனுப்பிய ரசீதையும் சாட்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறெங்காவது போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கே: கேமராத் திரையில் பளிச்சென்று இருக்கும் படம், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் மங்கலாகத் தெரிகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

ப: இலவசச் சோதனைக் காலம் கொடுத்திருப்பார்களே, அப்போது திறந்து பார்த்தீர்களா? திரையில் தெரிவது கேமரா தானே மெருகேற்றிய ஜேபெக். ரா என்பது அரைக்காத அரிசி. அரைக்கப் பிடிக்கவில்லை என்றால் ஜேபெக்கிலேயே எடுங்கள்.