நெட் ஃபிராக்குக்கு எந்த லைனிங் துணி நல்லது?

மூன்று வயதுக் குழந்தைக்கு நெட் ஃபிராக் தைக்க சாட்டின் லைனிங் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பில் படுகிற மேல்பகுதிக்கு வேண்டாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டின்தான். வியர்வையை உறிஞ்சாது, பிள்ளைக்குப் புழுங்கும். அங்கே மெல்லிய காட்டன் லைனிங் போடுங்கள். வாங்கியதும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். இல்லையென்றால் துவைத்ததும் லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். அடர்நிறம் என்றால் சாயம் போகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். பாவாடைப் பகுதிக்கு சாட்டின் சரி, அழகாக விழும். அப்புறம், இடுப்புத் தையலை மறக்காதீர்கள். நெட்டின் வெட்டு விளிம்புதான் குழந்தையை அதிகம் குத்தும். மேல்பகுதி லைனிங்கின் ஓரத்தை மடித்து, அந்த விளிம்பு முழுவதும் உள்ளே மறையும்படி கையால் தைத்துவிடுங்கள்.