செக்போஸ்ட், பேங்க் செக், செக் லுங்கி: மூன்றிலும் வருவது ஒரே ‘செக்’ தானா?

ஆமாம், ஒரே சொல்தான். ‘அரசன்’ என்று பொருள்படும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல்தான் அதன் மூலம். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று எச்சரிப்பார்கள். அந்தக் குரல் அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று சுற்றி ஆங்கிலத்தில் ‘செக்’ ஆனது.

செக் வைத்துவிட்டால் நினைத்த காயை நகர்த்த முடியாது. முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதிலிருந்து ‘தடுத்து நிறுத்து’ என்ற பொருள் பிறந்தது. ‘சரிபார்’ என்பது அதற்கு அப்புறம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு லாரி ஓட்டியவர்களுக்கு இந்த வரிசை நன்றாகவே தெரியும்: எல்லையில் இருக்கும் வாளையார் செக்போஸ்ட்டில் முதலில் வண்டியை நிறுத்துவார்கள், பிறகுதான் பேப்பரைப் பார்ப்பார்கள். (2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வரிக்கான சோதனை போய்விட்டது. ‘செக்போஸ்ட்’ என்ற பேச்சு மட்டும் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை.)

பேங்க் செக்? மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் (கவுண்டர்ஃபாயில்) முதலில் அந்தப் பெயர். லுங்கியில் இருப்பது சதுரங்கப் பலகையின் கட்டம்.

‘செக்மேட்’ என்றால் ராஜா செத்துவிட்டார் என்று பலர் சொல்வார்கள். பாரசீகத்தில் அது ‘ராஜா வழியின்றி நிற்கிறார்’ என்பதுதான்; சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லை.