இளையராஜா இந்தித் திரையிசையில் இனிப் பெருவெற்றி பெறுவாரா?

தெலுங்கில் ‘சாகர சங்கமம்’, ‘ருத்ரவீணா’ படங்களுக்காகத் தேசிய விருதே பெற்ற இளையராஜாவுக்கு இந்தியில் அத்தகைய இடம் அமையவில்லை. இனி அமைவதும் கடினம் என்றே கருதுகிறேன். 1983-இல் ‘சத்மா’ என்ற இந்திப் படத்துக்காக இவர் இசையில் சுரேஷ் வாட்கர் பாடிய ‘ஏ ஜிந்தகி கலே லகா லே’ இன்றும் வடக்கே விரும்பிக் கேட்கப்படுகிறது என்பதால், திறமையைப் பற்றிக் கேள்வியே எழாது. ஆனால் அந்த ஆண்டுகளில் சென்னையில் ஒரே ஆண்டில் பல பத்துப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தவருக்கு, மும்பையில் தங்கி அங்குள்ள தயாரிப்பாளர்களோடும் பாடலாசிரியர்களோடும் தொடர்ந்து உறவு வளர்க்க நேரம் ஏது? பின்னர் இந்திப் பட இயக்குநர் பால்கி அழைத்து இளையராஜா இசையமைத்த, 2007-இல் வந்த ‘சீனி கம்’ படத்தின் தலைப்புப் பாடலோ, ‘மௌன ராகம்’ படத்து ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ மெட்டுதான் (நமக்குப் பழையது, அவர்களுக்குப் புத்தம் புதியது). அவருடைய இசையில் ஊறிய இயக்குநர்கள் அழைத்துக்கொண்டிருக்கும்வரை இப்படிச் சில நல்ல படங்கள் வரும். சந்தையை ஆளும் நிலை வராது.