சரளைப் புஞ்சையில் தேக்கு நடலாமா?

கேள்வி: கானாடுகாத்தான் அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. முழுக்கச் சரளை, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தேக்கு நட அரசு உதவி கிடைக்குமா? அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் என் மகள் வனவியல் படிக்க ஆசைப்படுகிறாள். அதற்கு என்ன வழி?

பதில்: உதவி உண்டு. ஆனால் தேக்கு வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைப் பார்த்துப் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. அவை பர்மாக் காடுகளில் விளைந்து கப்பலேறி வந்த மரங்கள். தேக்குக்கு ஆழமான, நீர் தேங்காத மண் வேண்டும். கடப்பாரை போட்டதும் செம்புறாங்கல் தட்டும் நிலத்தில் வேர் இறங்காது. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் வைரம் பாய்ந்த மரம் கிடைக்காது. வேம்பு, புங்கன், வாகை, செம்மரம் உங்கள் மண்ணுக்குத் தாங்கும். செம்மரம் வைத்தால் நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, எந்த நிலத்தில் என்ன நிற்கிறது என்று குறிக்கும் அடங்கல் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பின்னாளில் வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறை அனுமதி கேட்கும்போது அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

கன்றுக்கு, தமிழக அரசு 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் சேருங்கள். வனத்துறை நாற்றங்கால்களில் வளர்த்த கன்றுகளை வேளாண்மைத் துறை மூலம் இலவசமாகத் தருகிறார்கள். பிழைத்து நிற்கும் கன்று ஒன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்பது அந்தத் திட்டத்தின் விதி. அரசின் உழவன் கைப்பேசிச் செயலியில் பதியலாம். சாக்கோட்டை வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் கேட்கலாம். கன்றுகள் அந்தந்த ஆண்டின் ஒதுக்கீட்டைப் பொறுத்தவை என்பதால் முன்கூட்டியே பதியுங்கள். பட்டா பலர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டாவா என்று முதலில் பாருங்கள். பங்காளிகள் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், நடுவதற்கு முன்பே அவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீண்டகால மரத்தில் வெட்டும் நாளில்தான் வழக்கு முளைக்கும்.

சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும். தூரோடு பறிக்க வேண்டும். கரிமூட்டம் போடுபவர்களிடம் விறகை விலை பேசினால் எந்திர வாடகையில் ஒரு பங்காவது திரும்பும். கோடையிலேயே ஒன்றரை அடிக் குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசி மழையோடு நடுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்புப் போட்டால் ஓடும் மழைநீர் நின்று இறங்கும். சந்தேகம் வந்தால் தூரம் போக வேண்டாம். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் உலர்நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மகளின் ஆசையைத் தள்ளிப்போடாதீர்கள். நிலத்துக்குக் கிடைப்பதைவிட அவள் படிப்புக்குக் கிடைக்கும் உதவி பெரிது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் நான்காண்டு இளநிலைப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கலந்தாய்வு நடத்துகிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும்.