கேஸ் என்று சோடா குடித்தே காலம் தள்ளலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 46 வயது. ராத்திரி படுத்தால் நெஞ்சு எரிகிறது, தொண்டை வரைக்கும் புளிப்பாக வருகிறது என்கிறார். கேஸ்தான் என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார். 8 வயது மகள் அடிக்கடி வயிற்று வலி என்கிறாள், இரவில் வறட்டு இருமல் வேறு. தங்கச்சியின் 4 மாதக் கைக்குழந்தையோ பால் குடித்ததும் கக்குகிறது. எல்லாம் ஒரே வியாதியா?"

மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், ஆனால் மூன்றையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது, அது சரியாக இறுகாவிட்டால் அமிலம் மேலே ஏறும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பது அமில எதுக்களிப்பு மாதிரித்தான் தெரிகிறது. குனிந்தாலும் படுத்தாலும் எரிச்சல் கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிலருக்கு எரிச்சலே இருக்காது. காலையில் குரல் கம்மியிருக்கும், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கும், பல் கூசும், இருமல் மாதக்கணக்கில் போகாது, இவர்கள் பல் டாக்டர், தொண்டை டாக்டர் என்று சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். நம் ஊர்க் காரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. மிளகாய் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சரி, ஆனால் அதைவிட அதிகம் படுத்துவது சாப்பிடுகிற நேரம்தான்: கடையைச் சாத்திவிட்டுப் பத்தரைக்கு வந்து உப்புக்கறியும் புரோட்டாவுமாக வயிறு முட்டச் சாப்பிட்டு, பதினொன்றுக்கே படுத்தால் எந்த வயிறுதான் தாங்கும்? இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை வையுங்கள் (தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்), இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். அந்தச் சோடாவை விட்டுவிடட்டும், ஏப்பத்தோடு அமிலமும் சேர்ந்துதான் ஏறும்.

வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எரிந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பு மலம், ரத்த வாந்தி என்றால் தள்ளிப்போடவே கூடாது. நெஞ்சை அழுத்துகிற வலி, வியர்வை, மூச்சு வாங்குவது, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் கேஸ் என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வெறும் நெஞ்செரிச்சல் போல வந்துவிடுவது உண்டு.

இனி உங்கள் மகள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நெஞ்சு எரிகிறது என்று சொல்லத் தெரியாது, தொப்புளைக் காட்டி வலிக்கிறது என்பார்கள். சாப்பிட்ட பிறகு வாய்வரை வந்ததைத் திரும்ப விழுங்கி முகம் சுளிக்கிறாளா, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாளா, வாயில் புளித்த வாடை வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஆனால் இரவு இருமல் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், வயிற்று வலிக்கு மலச்சிக்கல்தான் காரணம் என்று தெரியவருவதும் சகஜம், அதனால் அப்பாவின் அமில மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தை கக்கினாலும் சிரித்து விளையாடி, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் கவலை வேண்டாம். 4 மாதத்தில்தான் இது அதிகமாக இருக்கும், ஒன்று ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். பால் கொடுத்ததும் ஏப்பம் விட வைத்து, 20 நிமிடம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டால் போதும். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வேண்டும், தலையணை கூடாது. வீட்டில் ஆயாவோ அப்பத்தாவோ 'உரம் விழுந்திருக்கு' என்று பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டச் சொல்வார்கள், பேச்சோடு சமாளித்துவிடுங்கள். ஆனால் வாந்தி பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், பீய்ச்சியடித்தால், முதுகை வில்லாக வளைத்து அழுது பாலே வேண்டாம் என்றால், எடை ஏறாமல் நின்றால் அது வெறும் கக்கல் இல்லை. பச்சை வாந்தியோ ரத்தமோ என்றால் நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுங்கள்.