பைக்கின் வீல் பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். மேலூரிலிருந்து தினமும் மதுரைக்கு ஓட்டுவதாகவும், கடையில் மாற்றிய முன்சக்கர பேரிங் ஆறே மாதத்தில் மறுபடி உறுமுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். சரக்கு மட்டம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நான் பார்த்தவரை, சீக்கிரம் போகிற பேரிங்குகளில் பல, மாட்டும்போதே அடி வாங்கியவை. வீட்டில் செய்தால் கூலி மிச்சம்தான். அதைவிடப் பெரிய லாபம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

முதலில் பேரிங்தானா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, டயரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஃபோர்க்கும் சேர்ந்து ஆடினால் அது கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) வேலை. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்.

கழற்றிய பழைய பேரிங்கைக் கடைக்குக் கையோடு கொண்டு போங்கள். நான் வாங்குவது சிம்மக்கல் பக்கம் ஒரு பேரிங் கடையில். வண்டிப் பெயரைச் சொல்வதைவிட எண்ணைக் காட்டுவது நல்லது. 6301 என்று இருந்தால் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, தடிமன் 12 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேளுங்கள். மழையில் ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கும் தண்ணீருக்கும், வாட்டர் சர்வீஸ் பீய்ச்சலுக்கும் தகர மூடி தாங்காது. ஆயில் சீலையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.

கழற்றுவதற்கு நீளமான கம்பி ஒன்று போதும். ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள், இரண்டு பேரிங்குக்கும் நடுவே குழாய் மாதிரி ஒரு ஸ்பேசர் இருக்கும். அதைச் சற்று ஒதுக்கிவிட்டு, எதிர்ப்பக்க பேரிங்கின் உள்வளைய விளிம்பில் கம்பியை வைத்து, இடம் மாற்றி மாற்றித் தட்டினால் வெளியே வரும். இப்படி உள்வளையத்தில் அடி பட்டு வந்ததைத் திரும்ப மாட்டவே கூடாது. ஹப்பை மண்ணெண்ணெயில் துடையுங்கள். பிரேக் ஷூ உரசும் இடத்தில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது.

இனிதான் முக்கியமான வேலை. புது பேரிங்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். சக்கரத்தை மொட்டைமாடி வெயிலில் போடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்து வெயில் என்றால் ஹப்பில் கை வைக்க முடியாது. ஹப்பின் அலுமினியம் பேரிங்கின் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் பேரிங் பெரிய மல்லுக்கட்டு இல்லாமல் இறங்கும். தட்டும்போது அடி வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி இரண்டு வளையத்துக்கும் நடுவே உள்ள குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை உருளும் பாதையில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழிதான் பின்னால் உறுமலாகக் கேட்கும். வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட்டை மேலே வைத்துத் தட்டுங்கள், பழைய பேரிங்கை வைத்துத் தட்டினாலும் சரி. கோணலாக இறங்கினால் உடனே நிறுத்தி, நேராக்கிவிட்டுத் தொடருங்கள். அடிவரை உட்கார்ந்ததும் தட்டுகிற சத்தம் மந்தமாக இருந்தது ‘டங்’ என்று மாறும். அதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம்.

எந்தப் பக்கம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். முதல் பேரிங் உட்கார்ந்ததும் ஸ்பேசரை மறக்காமல் உள்ளே போடுங்கள். இரண்டாவது பேரிங்கின் உள்வளையம் ஸ்பேசரைத் தொட்டவுடன் நிறுத்திவிடுங்கள். ஸ்பேசர் இல்லாமல் ஆக்ஸில் நட்டை முறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு, பேரிங் சூடேறியே செத்துவிடும். ஆக்ஸிலைக் கையால் தள்ளினாலே நுழைய வேண்டும். உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள்: ரப்பர் சீலின் மெல்லிய இறுக்கம் இருக்கலாம், நறநறப்பு இருக்கக் கூடாது.

டிஸ்க் பிரேக் வண்டியானால், சக்கரம் மாட்டியதும் லீவர் இறுகும்வரை அழுத்திவிட்டு அப்புறம் கிளம்புங்கள். பின்சக்கரத்துக்கும் இதே முறைதான். பல வண்டிகளில் செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் பக்கம் தனியாக இன்னொரு பேரிங் இருக்கும், கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.