40 வயசுக்கு மேல முதியோர் இல்ல வேலைக்கு வர்றவங்களுக்கு ட்ரெய்னிங் எப்படி குடுக்கறது, டெஸ்ட் எப்படி வைக்கறது?

நான் 26 வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா வேலை பார்த்தவ, இப்ப மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல புதுசா சேர்றவங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன். வர்றவங்க பெரும்பாலும் 40, 50 வயசு அக்காங்க, பாதிப் பேர் ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவினவங்க, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போட நின்னவங்களும் உண்டு, ஆனா மாமியார் மாமனார்னு படுக்கையில கிடந்தவங்கள வருஷக்கணக்கா தூக்கிக் குளிப்பாட்டின கை அது. அதை கணக்குல எடுக்காம ஸ்லைடு போட்டு ரெண்டு மணி நேரம் பேசினா மண்டையில ஏறாது.

இன்சுலின் பேனா, அதாவது பேனா மாதிரி இருக்கற ஊசி, சொல்லிக் குடுத்த அன்னைக்கு நடந்ததை சொல்றேன். கலங்கலா இருக்கற வகை இன்சுலின் சும்மா வச்சா அடியில படிஞ்சிரும், உள்ளங்கையில 10 தடவை உருட்டி, 10 தடவை மேலயும் கீழயும் சாய்ச்சு, ஒரே சீரா பால் நிறத்துக்கு வந்தாத்தான் போடணும். மலாய்ல இருந்த தாளைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினாங்க. ஒரு அக்கா மட்டும் பேனாவை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, "மிஸ்ஸி, உள்ள கட்டிப்பால் மாதிரி துணுக்கு நின்னா இதை போடக்கூடாதுதானே"ன்னாங்க. ஆமா, போடக்கூடாது, தூக்கிப் போட்டுடணும். அந்த ஒரு வார்த்தையில மத்த எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு, ரப்பர் பால் பிடிக்கற மங்குல பால் உறைஞ்சு கட்டியாகறத பார்க்காதவங்க அந்த ரூம்ல யாரு இருக்கா? மால்கம் நோல்ஸ்னு அமெரிக்கக் கல்வியாளர் பெரியவங்க படிப்பைப் பத்தி சொன்னதும் இதுதான், அவங்க அனுபவத்தோட ஒட்டணும், எதுக்கு படிக்கிறோம்னு முதல்லயே தெரியணும்.

டெஸ்டுக்கு வருவோம், எனக்கு மனசு கனக்கற இடம் இது. முன்னாடி நான் இருந்த இடத்துல 20 கேள்வி, டிக் போடணும், அவ்வளவுதான் டெஸ்ட். அதுல 18 வாங்கின ஒரு பொண்ணு, ரத்தத்துல சுகர் 4 mmol/L-க்கு கீழ இறங்கினா 15 கிராம் சர்க்கரைன்னு சரியா டிக் போட்டிருந்தா. அடுத்த வாரம் நானே நோயாளி மாதிரி உக்காந்து, கை நடுங்குது வேர்க்குது கண்ணு மங்குதுன்னேன். அவ ஓடிப்போய் தே ஓ கோசோங், அதாவது சீனி போடாத வரத்தேத்தண்ணி கொண்டு வந்தா. சுகர்காரங்களுக்கு சர்க்கரை ஆகாதுன்னு மனசுல பதிஞ்சது முன்னால வந்துருச்சு. நிஜ நோயாளியா இருந்திருந்தா? அன்னையிலிருந்து நான் எழுத்துப் பரீட்சையை நம்பி யாரையும் பாஸ் பண்றதில்ல. மூணு டீஸ்பூன் சீனி கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி விரல்ல குத்தி சுகர் பார்க்கறத என் கண்ணு முன்னால செய்யணும்.

டாக்டர்ங்க படிப்புல இது புதுசில்ல. 1975-லயே ஸ்காட்லாந்து டண்டீல ஹார்டன்னு ஒருத்தர் ஸ்டேஷன் ஸ்டேஷனா செஞ்சு காட்டற பரீட்சை கொண்டு வந்தார், 1990-ல மில்லர்னு இன்னொருத்தர் "தெரியும்", "எப்படின்னு தெரியும்", "செஞ்சு காட்டுவேன்", "நிஜ வேலையில செய்றேன்"னு நாலு படி பிரிச்சார். நம்ம இடத்துல முதல் படியோட நிறுத்திட்டு சர்டிபிகேட் குடுத்துடறாங்க.

நான் செய்றது இதுதான். செக்லிஸ்ட்டை முதல் நாளே கையில குடுத்துருவேன், ஒளிச்சு வைக்க அதுல என்ன இருக்கு. தமிழ்லயே பதில் சொல்லலாம், ஊசி போடறதுக்கு மலாய் இலக்கணம் வேணாம். தனியாதான் டெஸ்ட், ஏன்னா பேரப்பிள்ளை எடுத்தவங்கள சின்னப் பிள்ளைங்க முன்னால திருத்தினா அடுத்த நாள் வேலைக்கே வரமாட்டாங்க. கை கழுவறது, பேர் கேட்டு சரிபார்க்கறது, ஊசி டப்பாவுல போடறது, இதுல ஒண்ணு விட்டாலும் திரும்ப செய்யணும், எத்தனை தடவை ஆனாலும் பரவால்ல. 12 மணி நேர ஷிப்ட் முடிஞ்ச உடனே மட்டும் வைக்காதீங்க, பாவம்.

அப்புறம் ஒரு தடவையோட விட்டுடாதீங்க. இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்கற சிபிஆர் எல்லாம் மூணு ஆறு மாசத்துலயே கை மறந்துரும். நான் மாசம் ஒரு தடவை ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷம் பொம்மையில அமுக்க விடுவேன், 5 சென்டி ஆழம், நிமிஷத்துக்கு 100-லேருந்து 120.

உங்க இடத்துல எந்த வேலைக்கு ஆள் எடுக்கறீங்கன்னு கமெண்ட்ல போடுங்க, அந்த செக்லிஸ்ட்டை தமிழ்ல எழுதித் தரேன்.